கெளிற்றுத் தலையிலிருந்து தொடங்குங்கள்: கவச மீன்களை அறிய விரும்புவோருக்கு ஒரு யாழ்ப்பாண வழிகாட்டி

பழங்காலக் கவச மீன்களைப் பற்றி அறிய ஆசை, எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால், விடியற்காலையில் பாசையூர்ச் சந்தைக்குப் போய் ஒரு பெரிய கெளிற்றின் தலையை வாங்கி வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பகிடிக்குச் சொல்வதில்லை. பெரும்பாலானோர் இந்த மீன்களை முதலில் காண்பது கைத்தொலைபேசியில். வாயைப் பிளந்துகொண்டு திரையைக் கிழித்து வெளியே பாய்வது போல ஒரு பூதம். அதைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு வெறும் எலும்பைப் பார்க்கப் பொறுமை வராது. எலும்பை முதலில் கையில் எடுத்தவரோ அதே படத்தைப் பார்க்கும்போது, இதில் கல்லிலிருந்து கிடைத்தது எவ்வளவு, வரைந்தவர் சேர்த்தது எவ்வளவு என்று கேட்பார். அப்படிக் கேட்கப் பழக்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கொப்பி வாங்குங்கள். நீலப் பேனா ஒன்று, பென்சில் ஒன்று. உயிர்ச்சுவடாகக் கிடைத்ததை நீலத்தில் எழுதுங்கள், வரையுங்கள். கணித்தது, ஊகித்தது எல்லாம் பென்சிலில். இந்த ஒழுங்கைக் கடைசிவரை விடாதீர்கள்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

பிளாக்கோடெர்ம் என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது: தகடு, தோல் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நான் தகட்டுத்தோல் மீன்கள் என்று எழுதுகிறேன். தலையையும் நெஞ்சையும் கனமான எலும்புத் தகடுகள் மூடியிருக்கும். அதற்குப் பின்னால் உடல் பெரும்பாலும் கவசமற்றது. சிலூரியன் காலத்தில் தோன்றி, டெவோனியன் காலக் கடல்களிலும் நன்னீரிலும் செழித்து, ஏறத்தாழ 359 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தன.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒஸ்ட்ராக்கோடெர்ம் என்ற இன்னொரு கூட்டமும் கவசம் அணிந்ததுதான். ஆனால் அவற்றுக்குத் தாடை இல்லை. ஆகவே கவச மீன் படம் ஒன்று கண்ணில் பட்டால் கவசத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். கடிக்கக்கூடிய தாடை இருந்தால் தகட்டுத்தோல் மீனாக இருக்கலாம்; வெறும் துளையோ பிளவோ என்றால் மற்றது. பத்துப் படங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தால் பழகிவிடும்.

சந்தையில்

கெளிறுதான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பாரை, விளை, ஒட்டி போன்ற மீன்களின் மண்டை ஓட்டைத் தோலும் செதிலும் மூடியிருக்கும். பெரிய கடற்கெளிற்றின் உச்சந்தலையைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மணல் ஒட்டியது போன்ற எலும்பு நேரடியாக விரலில் படும். அந்தக் கவசம் பிடரிப் பக்கமாக நீண்டு, முதுகு முள்ளுக்கு முன்னால் இருக்கும் ஒரு தனித் தகட்டைத் தொடும். அந்த இடத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. கெளிற்றின் முதுகு முள்ளும் பக்க முட்களும் நஞ்சுள்ளவை, அரம் போல் பற்களும் உண்டு. விற்பவரிடமே முறித்துத் தரச் சொல்லுங்கள். தப்பித் தவறிக் குத்திவிட்டால், சுடாத அளவு வெந்நீரில் கையை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். பிறகு வைத்தியரிடம் போங்கள். நான் முதல் தடவை வாங்கியபோது மீன் விற்ற அக்கா, "கூழுக்கா தம்பி?" என்று கேட்டார். படிப்பதற்கு என்றேன். தலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது போனால் அவரே பெரிய தலையாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்.

துப்புரவாக்கும்போது அவசரம் கூடாது. கொதிக்கக் கொதிக்க அவித்தால் மெல்லிய எலும்புகள் கழன்று, பிறகு எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போய்விடும். மெல்லிய தணலில் பத்து நிமிடம் போதும். பழைய பல்துலக்கியால் தசையை நீக்குங்கள். மிச்சத்தை மூடியுள்ள வாளியில் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். நாறும். வாளியை எந்த மதிலோரம் வைக்கலாம் என்பதை அயலவருடன் உங்களுக்கு இருக்கும் உறவைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். சதை முழுவதும் போனதும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெளுக்க வேண்டுமானால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டு போதும். குளோரின் கலந்த வெளுப்பான் எலும்பை அரித்துப் பொடியாக்கும். உலர்த்தும்போது மேலே கம்பி வலை போடுங்கள். என்னுடைய முதல் மண்டை ஓட்டைக் காகம் கொண்டுபோனது. அது எந்தக் கூரையில் இருக்கிறதோ.

உலர்ந்த தலையைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே ஏதோ கிலுகிலுக்கும். அவை செவிக்கற்கள், மீன் தன் சமநிலையை உணரவும் கேட்கவும் உதவுபவை.

கெளிறு தகட்டுத்தோல் மீனின் வழித்தோன்றல் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்புறத்தில் எலும்புக் கவசம் எப்படி இருக்கும், தகடுகள் பொருந்தும் தையல் எப்படித் தெரியும் என்று கைக்குப் புரியவைக்க மட்டுமே அது. பெட்டி மீனும் கடற்குதிரையும் கவசம் அணிந்தவைதான். அவையும் தனித்தனியாக அந்த வழிக்கு வந்தவை.

கழுத்து மூட்டு

இந்தக் கூட்டத்தின் இரகசியம் கழுத்தில் இருக்கிறது, பல்லில் இல்லை. கெளிற்றின் தலைக் கவசமும் பிடரித் தகடும் சந்திக்கும் இடத்தை இப்போது மறுபடி பாருங்கள். அசையாது. தகட்டுத்தோல் மீன்களில் மிகப் பெரிய பிரிவான ஆர்த்ரோடைர்களில் தலைக் கவசமும் நெஞ்சுக் கவசமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டுகளால் இணைந்திருந்தன. கிண்ணத்தில் குமிழ் பொருந்துவது போன்ற மூட்டு. கீழ்த்தாடை இறங்கும்போது தலை முழுவதும் மேலே நிமிரும்.

உங்கள் உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பாருங்கள். தலை அசையவில்லை, தாடை மட்டும் இறங்குகிறது. அந்த மீனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இதை வாசித்துப் புரிந்துகொள்வது கடினம், செய்து பார்த்தால் ஐந்து நிமிடம். இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை எடுங்கள். ஒன்று தலை, மற்றது நெஞ்சு. இரண்டையும் முன்பின்னாக வைத்து, சந்திக்கும் இடத்தின் மேல் மூலைகளில் பக்கத்துக்கு ஒரு துளையிட்டு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். தலைப் பெட்டியின் அடியில் ஒரு மட்டையைக் கீழ்த்தாடையாக, நெஞ்சுப் பெட்டியோடு சேர்த்து ஒட்டுங்கள். இப்போது தலையைப் பின்னுக்கு நிமிர்த்துங்கள். வாய் எவ்வளவு அகலத் திறக்கிறது என்று பாருங்கள். உண்மையான மீனில் கீழ்த்தாடையும் தானாக இறங்கும். உங்கள் மட்டை இறங்காது. அந்தக் குறையைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இந்தப் பொறிமுறையின் உச்சம் டன்கிளியோஸ்டியஸ் என்ற ஆர்த்ரோடைர் மீன். அதற்கு உண்மையான பற்கள் இல்லை. தாடை எலும்பே கத்தி போல் நீண்டு, வாயை மூடும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசித் தானே தீட்டிக்கொண்டது. 2007இல் வெளிவந்த ஆய்வொன்று அது ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் வாயைத் திறந்திருக்கும் என்று கணித்தது. அந்த வேகத்தில் திறக்கும் வாய் முன்னால் உள்ள தண்ணீரையும் இரையையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். தாடையின் நுனியில் கடிவிசை ஏறத்தாழ 4400 நியூட்டன், பின்பக்கக் கத்தியில் 5300. முதலாவதை நிறையாக மாற்றினால் ஒன்பது சீமெந்துப் பைகள். தாடைக் கத்திகள் நீலப் பேனாவுக்கு. நியூட்டன் கணக்கு பென்சிலுக்கு, ஏனென்றால் அது எலும்பின் வடிவத்தையும் தசை இருந்திருக்கக்கூடிய இடத்தையும் வைத்துக் கட்டிய மாதிரியிலிருந்து வந்தது.

நண்டுக்கால்

காக்கைதீவுச் சந்தையில் நண்டு வாங்குபவர்களுக்கு இது இலகு. கறி முடிந்ததும் ஒரு காலை எடுத்து வையுங்கள். வெளியே கடினமான குழாய், உள்ளே தசை, நடுவில் மடியும் மூட்டு. இப்போது போத்ரியோலெப்பிஸ் என்ற இன்னொரு தகட்டுத்தோல் மீனின் படத்தைத் தேடிப் பாருங்கள். அதன் முன் துடுப்பு இதே அமைப்பில்தான் இருக்கிறது: எலும்புக் குழாய்க்குள் அடங்கி, நடுவில் மூட்டு வைத்து. முள்ளந்தண்டுள்ள விலங்கொன்று நண்டின் உத்தியைத் தானே கண்டுபிடித்தது போல. கண்கள் இரண்டும் தலையின் மேல் நெருங்கி இருக்கும், வாய் அடிப்பக்கம். தரையில் படிந்து வாழ்ந்த மீன். பல இனங்கள் உங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரையிலான நீளத்தைத் தாண்டாதவை. அந்தாட்டிக்கா உட்பட எல்லாக் கண்டங்களிலும் கிடைத்திருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் மிகுவாஷா என்ற இடத்தில் ஏராளம். அந்த இடம் 1999 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

இதன் உறவு மீன் ஒன்றை ஸ்கொட்லாந்தில் கண்டெடுத்த ஹியூ மில்லர் தொழிலால் கல் தச்சர். இப்படிப்பட்ட கவசத் துண்டுகள் முதலில் கிடைத்தபோது ஆமையோ, நண்டினமோ, வண்டோ என்றெல்லாம் குழம்பினார்கள். சுவிற்சர்லாந்து அறிஞர் அகாசிஸ் அது மீன் என்று தீர்த்து, இனப் பெயரில் மில்லரையும் சேர்த்தார். கல் உடைப்பவரின் கண்ணுக்கு மரியாதை கொடுத்த பெயர் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

முற்றத்தில் சோக்கால்

டன்கிளியோஸ்டியஸ் எவ்வளவு பெரியது? 8 மீற்றர், 10 மீற்றர் என்று பழைய நூல்களிலும் புதிய காணொளிகளிலும் காண்பீர்கள். 2023இல் ரஸல் எங்கல்மன் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த மீனின் வழமையான நீளம் 3.4 மீற்றர் அளவு, மிகப் பெரியதுகூட 4.1 மீற்றர்தான் என்று சொன்னது. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? உடலின் பின்பகுதி கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. அது கல்லாவது அரிது. கையில் இருப்பது தலையும் நெஞ்சும். முன்பெல்லாம் வாயின் அகலத்தைச் சுறாவோடு ஒப்பிட்டு முழு நீளத்தை ஊகித்தார்கள். இந்த மீனுக்கோ வாய் உடலுக்கு மிஞ்சிப் பெரியது. எங்கல்மன் வேறு அளவை எடுத்தார்: கண்குழியின் முன் விளிம்பிலிருந்து செவுள் மூடியின் பின் விளிம்புவரை. பலவகை மீன்களில் இந்த அளவு உடல் நீளத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். தையல் நாடாவோடு சந்தைக்குப் போங்கள். பாரை, சீலா, கலவாய், சுறா என்று கிடைப்பதில் எல்லாம் அந்த அளவையும் முழு நீளத்தையும் எழுதுங்கள். சுறாவுக்குச் செவுள் மூடி இல்லை, கடைசிச் செவுள் பிளவுவரை அளந்துகொள்ளுங்கள். வாயின் அகலத்தையும் தனியே எழுதுங்கள். இருபது மீன் போதும். எந்த அளவு மீனுக்கு மீன் கூடுதலாகத் துள்ளுகிறது, எது அடங்கி நடக்கிறது என்று வீட்டில் இருந்து பாருங்கள். வாங்காமல் அளந்துகொண்டே நின்றால் ஏச்சு விழும், அரைக் கிலோ சூடையாவது வாங்குங்கள்.

பிறகு முற்றத்தில் சோக்கால் 11 அடிக்கு ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் 26 அடிக்கு இன்னொன்று. முதலாவது 3.4 மீற்றர், இரண்டாவது 8. சின்னக் கோட்டின் முன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கவசத்தை நீலச் சோக்கால் நிரப்புங்கள், மிச்சத்தை வெள்ளையில் விடுங்கள். அந்த வெள்ளை எவ்வளவு நீளம் என்று நின்று பாருங்கள்.

யாழ்தேவியில் ஏறுங்கள்

மில்லியன் என்ற சொல் வாயில் இலகுவாக வரும், மனத்தில் நிற்காது. நான் புகையிரதப் பாதையை அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மில்லியன் ஆண்டு. யாழ்ப்பாண நிலையம் இன்று. கொழும்புக் கோட்டை ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

மனித இனத்தின் வரலாறு முழுவதும் மேடையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். நாம் குடியிருக்கும் யாழ்ப்பாணச் சுண்ணக்கல் உருவான மயோசீன் காலம் கொடிகாமத்துக்குள் அடங்கும். கிளிநொச்சி அளவில் டைனோசர்கள் அழிகின்றன. அநுராதபுரத்தில் ஜுராசிக் காலத்தின் தொடக்கம். மாகோவை நெருங்கும்போது, 252இல், உலகம் கண்ட மிகப் பெரிய அழிவு. இவ்வளவு தூரம் வந்தும் ஒரு தகட்டுத்தோல் மீன்கூட இல்லை. வேயங்கொடைப் பக்கம்தான் கடைசி மீன் செத்துக் கிடக்கிறது. அங்கிருந்து கோட்டைவரை, கோட்டையைத் தாண்டிக் கரையோரப் பாதையில் பாணந்துறைவரை, டெவோனியன் காலம். களுத்துறையில், 436இல், சீனாவின் சொங்சிங் பகுதியிலிருந்து 2022இல் அறிவிக்கப்பட்ட சியூஷானொஸ்டியஸ் என்ற தகட்டுத்தோல் மீன்: நெத்தலியை விடச் சிறியது, மூன்று சென்ரிமீற்றர்.

அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு நிலையம் குறியுங்கள். இலவசம்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை

கிணறு வெட்டும்போது சிப்பி அடையாளம் உள்ள கல் வந்தது, அதில் கவச மீன் இருக்குமா என்று கேட்கிறார்கள். இருக்காது. நம் சுண்ணக்கல் மிகவும் இளையது. தென்னிலங்கையின் பெரும்பகுதிப் பாறையோ மிகவும் முதியது, அதோடு சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. புத்தளம் பக்கத்துத் தப்போவையில் ஜுராசிக் காலத் தாவர உயிர்ச்சுவடுகள் உண்டு. அதுவும் நமக்குப் பொருந்தாத காலம். ஆகவே கடப்பாரையோடு கீரிமலைக்குப் போக வேண்டாம். வந்த சிப்பிக் கல்லை, எந்த ஊர், எத்தனை அடி ஆழம் என்று ஒட்டி வையுங்கள். அது வேறொரு படிப்புக்கு உதவும்.

சுண்ணக்கல்லால் ஒரு பயன் உண்டு. சிப்பி இல்லாத ஒரு சிறு துண்டில் வினாகிரி விடுங்கள். நுரைக்கும், மெல்லக் கரையும். மேற்கு அவுஸ்திரேலியாவின் கோகோ என்ற இடத்தில் 380 மில்லியன் ஆண்டு பழைய சுண்ணக்கல் உருண்டைகளுக்குள் மீன்கள் நசுங்காமல் முழு வடிவில் இருக்கின்றன. வினாகிரியில் இருக்கும் அதே அசற்றிக் அமிலத்தை ஐதாக்கி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெளியே வரும் எலும்புக்குப் பசை பூசி, மறுபடி ஊறப்போட்டு அவற்றை எடுக்கிறார்கள். சிப்பிக் கல்லில் இதைச் செய்யாதீர்கள். சிப்பியும் கல்லும் ஒரே பொருள், இரண்டும் சேர்ந்து போய்விடும்.

திரையில் பார்க்க வேண்டியவை

இப்போது கைத்தொலைபேசியை எடுக்கலாம். கிளீவ்லண்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டன்கிளியோஸ்டியஸ் தலை முதலில். 1867இல் ஜே டெரெல் கண்டெடுத்தவற்றால் இனத்துக்கு அவர் பெயர். பேரினத்துக்கு அந்த அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டேவிட் டன்கிள் பெயர். அடுத்து மோர்ஃபோசோர்ஸ் என்ற தளத்தில் முப்பரிமாண மண்டை ஓடுகளைத் தேடுங்கள். உங்கள் கெளிற்றுத் தலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். பிறகு, சீனாவின் யுன்னானிலிருந்து 2013இல் அறிவிக்கப்பட்ட என்டெலொக்னாத்தஸ். உடல் தகட்டுத்தோல் மீனுடையது, தாடை எலும்புகளோ நம்முடையவற்றின் வரிசையைச் சேர்ந்தவை. அதன் பிறகு இந்த மீன்களை வாரிசின்றிப் போன ஒரு கிளை என்று ஒதுக்க முடியவில்லை. நம் தாடை வந்த வழியில் நின்ற ஒரு படிநிலை என்றே பலர் இன்று கருதுகிறார்கள்.

கடைசியாக மேட்டர்பிசிஸ். கோகோவில் 2005இல் கிடைத்து 2008இல் அறிவிக்கப்பட்ட சிறு மீன். வயிற்றுக்குள் ஒரு குஞ்சு, அதோடு கல்லாகிப்போன தொப்புள்கொடி. முட்டையிடாமல் குட்டி போட்ட தாய். படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சந்தைக்குப் போங்கள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கவென்று பால் சுறா வாங்க ஆட்கள் வருவார்கள். வயிற்றை வெட்டும்போது சில நாட்களில் குட்டிகள் வெளியே வரும், ஒவ்வொன்றும் கொடியோடு. வெட்டுபவரிடம் ஒரு நிமிடம் கேட்டு, கொடி குட்டியின் எந்த இடத்தில் சேர்கிறது என்று பார்த்து வரையுங்கள். நீலப் பேனாவில்.